ஒரு சாதாரண நாளைச் சொல்லுங்கோ

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஆலயத்தில் கேட்கிறார்கள், பாசாரில் மீன் வாங்கும்போது கேட்கிறார்கள். முன்பு என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்கிறார்கள். “டீச்சர், உங்களுக்கு அப்படி என்னதான் வந்துச்சு?” நோயின் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. “அது என்ன லா, கேள்விப்பட்டதே இல்லையே” என்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. இப்போது முதுகு வலி அடங்கியிருக்கிறது, மேசையில் உட்கார முடிகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். விடாத காய்ச்சலோடு யாராவது படுத்திருந்தால் அவர்களுக்கு இது உதவினாலும் உதவும்.

என் பெயர் எஸ்தர். கோலாலம்பூருக்கு வடமேற்கே, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதை நெருங்கும்போது முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, எங்கள் சபை மூலமாக ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போனேன். தான்சானியாவின் நடுப்பகுதியில், மழை அதிகம் பெய்யாத, ஆடுமாடு வளர்த்துப் பிழைக்கிற ஒரு கிராமம். பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிறு பள்ளி நடத்துவதும், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை விடுமுறையில் வருவேன். வந்தால் தம்பி ஜேக்கப் வீட்டில்தான் தங்கல். அவன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் மனைவி மாலதி. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறார்கள், அதனால் வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு.

கடைசியாக வந்து இறங்கும்போதே உடம்பு சரியில்லை. காலையில் எழுந்தால் ஒன்றும் தெரியாது. மாலதியோடு சேர்ந்து காய் நறுக்குவேன், துணி மடிப்பேன். சாயங்காலம் ஆனால் கால் விரலிலிருந்து குளிர் ஏறும். பிறகு காய்ச்சல். அதன் பிறகு வேர்வை. சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கும். மாலதிதான் ஒரு நாள் துணியை ஊறப்போடும்போது சொன்னாள்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க துணியில ஒரு வாடை வருது. தஞ்சோங் காராங்ல அறுப்பு முடிஞ்சு, மழை பேஞ்சு வைக்கோல் நனைஞ்சு கெடக்கும் பாருங்க, அந்த வாடை.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டோம்.

பக்கத்துக் கிளினிக்கில் டெங்கியாக இருக்கும் என்று இரத்தம் எடுத்தார்கள். டெங்கி இல்லை. காய்ச்சல் ஒரு வாரம் தானாகவே விட்டுவிடும். சரியாகிவிட்டது, திரும்பிப் போக டிக்கெட் பார்க்கலாம் என்று நினைப்பேன். மறுபடி வரும். இப்படி வந்து வந்து போனதில் உடம்பு பாதியாகிவிட்டது. ஒரு நாள் ஆலயத்தில் ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள், என்னால் பெஞ்சை விட்டு எழ முடியவில்லை. இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடித்து என்னைப் பெஞ்சோடு சேர்த்துவிட்டது போல ஒரு வலி. ஜேக்கப் என்னை அப்படியே தூக்கித் தன் காடியின் பின்சீட்டில் உட்கார வைத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஆப்பிரிக்கா என்று சொன்னதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது மலேரியா. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்நோக்கியில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பல முறை பார்த்தார்கள், தெரியவில்லை. எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சலுக்குப் பார்த்தார்கள். சளியில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் இல்லை என்று வரும்போது முதலில் சந்தோஷமாக இருந்தது. போகப் போக அந்த ‘இல்லை’தான் பயமாக இருந்தது.

பிறகு முதுகைப் படம் எடுக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. என்பது கதிர் இல்லாமல் காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கிற இயந்திரம். ஒரு குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். காதை அடைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள், அப்படியும் இரைச்சல் தாங்க முடியாது. பலர் அதில் பயந்துபோவார்களாம். எனக்குப் பயம் வரவில்லை. அந்தச் சத்தம் கிராமத்துச் சோள மாவு மில் மாதிரி இருந்தது. டீசலில் ஓடுகிற பழைய இயந்திரம், ஊருக்கே கேட்கும். பெண்கள் தலையில் சோளக் கூடையோடு வரிசையில் நிற்பார்கள், சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி வம்பு பேசுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றுவிட்டேன். முடிந்தது என்று சொல்லி வெளியே இழுத்தபோது எனக்கு வரச் சம்மதமில்லை.

படத்தில் கீழ் முதுகெலும்பு ஓரிடத்தில் அரித்துப்போயிருந்தது. டாக்டர்கள் என்னிடம், “எலும்பில் ஏதோ தொற்று மாதிரி தெரிகிறது, இன்னும் பார்க்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார்கள். ஜேக்கப்பை வெளியே அழைத்துப் பேசினார்கள். மறுநாள் காலை அவன் கோப்பி வாங்கி வந்து மேசையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னடா சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லக்கா. டெஸ்ட் எடுக்கணுமாம்.”

“எத்தன பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கேன். பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

அவன் கோப்பி மூடியைத் திறந்தான், மறுபடி மூடினான். “எலும்புல டிபியா இருக்கலாமாம். இல்லாட்டி வேற எங்கயாச்சும் இருந்து பரவி வந்ததா இருக்கலாமாம். முதுகுல ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணுமாம்.”

வேறு எங்கிருந்து என்ன பரவும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவனே, “அங்க போய் என்னக்கா கெடச்சுது உனக்கு?” என்றான். கோபமாகத்தான் கேட்டான், ஆனால் குரல் உடைந்திருந்தது. அவன் வேலைக்குப் போன பிறகு ஜெபம் செய்யப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஜெபம் செய்தவள் நான். அன்றைக்கு ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சரோஜா. சுங்கை ஆயர் தாவார்க்காரர். இனிப்பு நீர் வியாதியால் காலில் புண், வெட்டாமல் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவலை எதுவும் அவர் வாயில் வராது. மற்றவர் கதையைக் கேட்பதுதான் அவருக்கு மருந்து.

“டீச்சர், ஆப்பிரிக்காவுல நம்ம ஆளுங்க இருக்காங்களா?”

“நான் இருந்த பக்கம் இல்ல.”

“அப்ப யார்கிட்டதான் பேசுவீங்க?”

“அவங்ககிட்டத்தான். அவங்க பாஷையில.”

“மொளகா கெடைக்குமா?”

“கெடைக்கும். சாம்பார்த்தூள்தான் இங்கேர்ந்து கொண்டு போவேன்.”

இப்படியே பேசுவோம். பேசப் பேச எனக்கு அந்த ஊர் ஞாபகம் கூடிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் அந்த ஊரில் ‘போலே’ என்று ஒரு சொல் உண்டு. நோயாளியைப் பார்த்தாலும் சொல்வார்கள், தண்ணீர் தூக்கிக் களைத்து வருகிறவரைப் பார்த்தாலும் சொல்வார்கள், கல் தடுக்கி விழுந்தாலும் சொல்வார்கள். உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தச் சொல்லை யாராவது ஒரு முறை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

முதுகில் ஊசி விடுவதற்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால், தொற்று நோய்களுக்கென்றே படித்த ஒரு டாக்டர் வந்து பார்ப்பார் என்றார்கள். வந்தவர் சின்ன வயதுப் பெண். டாக்டர் தர்ஷினி என்று சட்டையில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக இந்த நாடு. “என்ட தமிழ் கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய முதல் டாக்டர் அவர்தான். மற்றவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு உட்கார நேரமில்லை.

“எல்லா ரிசல்ட்டும் பார்த்தன். இப்ப நோயைப் பற்றிக் கேக்கப் போறதில்ல. நீங்கள் அங்க எப்பிடி இருந்தனீங்கள் எண்டு தெரியவேணும். ஒரு சாதாரண நாளைச் சொல்லுங்கோ. காலமை எழும்பினதிலயிருந்து.”

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

விடியும் முன்னே கினிக் கோழிகள் கத்தி எழுப்பிவிடும். மஞ்சள் பிளாஸ்டிக் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கைப்பம்புக்குப் போவேன். அங்கே எனக்கு முன்னால் ஒரு நீள வரிசை நிற்கும். வரிசையில் யாரைப் பார்த்தாலும், இராத்திரி எப்படித் தூங்கினீர்கள், வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, ஆடுகள் எப்படி என்று எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் வேறு பேச்சு. முதல் வருஷம் எனக்கு இது பொறுக்காது. பள்ளிக்கூட மணிக்குப் பழகிய உடம்பு. பிறகு ஒரு நாள் அவசரமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, முவாலிமுவுக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டு. முவாலிமு என்றால் ஆசிரியை. அங்கேயும் எனக்கு அதுதான் பெயர்.

காலையில் சோளக் கஞ்சி. பிறகு ஆலயம். ஆலயம் என்றால் தகரக் கூரையும் தூண்களும்தான், சுவர் கட்டக் காசு சேரவில்லை. விறகு பொறுக்கி, வயலில் கொத்தி, சமைத்து முடித்துவிட்டுப் பெண்கள் வருவார்கள். முதுகில் குழந்தை, கையில் பலகை. முதலில் சொல்லிக்கொடுப்பது அவரவர் பெயர். ரெஹெமா என்று ஒருத்தி. நாற்பது வயதுக்கு மேல் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தவள். தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்ட அன்றைக்குக் கரியால் வீட்டுக் கதவில் எழுதினாள். மறுநாள் தண்ணீர்க் கேனில். பிறகு மண்வெட்டிப் பிடியில், தானியப் பெட்டியில். அவள் புருஷன் யோஹானா என்னிடம் வந்து, “இன்னும் என் நெற்றி ஒன்றுதான் பாக்கி, முவாலிமு. அதையும் எழுதிவிடுவாள் போலிருக்கிறது” என்றார்.

டாக்டர் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் சரோஜாவும் சிரிப்பது கேட்டது.

மதியத்தில் நோயாளிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்கப் போவேன். புழுதிப் பாதை, வெயில், சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பது. கடைசியாக ரெஹெமா வீடு. முற்றத்தில் முக்காலி போடுவாள். சுரைக்குடுக்கையில் எனக்கென்று எடுத்து வைத்த பாலைக் கொண்டுவருவாள். குடுக்கையை எரிகிற குச்சியின் புகை காட்டிச் சுத்தம் செய்வார்கள், பாலில் அந்தப் புகை மணம் இருக்கும். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று பார்ப்பாள். பொழுது சாயும்போது ஆடுகள் திரும்பி வரும். அந்தப் புழுதியில் வெளிச்சம் பட்டு ஊரே செம்பழுப்பாகத் தெரியும். பிள்ளைகள் பாடுவார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஒரு தமிழ்ப் பாமாலையையும் அவர்கள் பாஷையின் ராகத்தில் இழுத்து இழுத்துப் பாடுவார்கள்.

நான் அங்கேயே இருந்தேன் போலிருக்கிறது. டாக்டர் கூப்பிட்டது இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

“ஆன்ட்டி, அந்தப் பால் காய்ச்சினதோ?”

“இல்லம்மா. கறந்தபடியேதான். சில நாள் புளிச்சதா இருக்கும்.”

“மாட்டுப்பாலோ, ஆட்டுப்பாலோ?”

“எது இருக்கோ அது. கடைசியா இருந்தப்ப ஆட்டுப்பால்.”

அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். “அந்த ஆடுகளுக்கு ஏதும் வருத்தம் வந்ததோ? குட்டி கலையிற மாதிரி?”

வருத்தம் என்று அவர் சொன்னது நோயை. யோசித்தேன். விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முந்திய மழைக்காலத்தில் ரெஹெமா வீட்டில் ஆடுகளுக்கு வரிசையாகக் குட்டி கலைந்தது. அவள் அழுதுகொண்டே இருந்தாள். செத்த குட்டிகளை எடுத்துக் குழி தோண்டிப் புதைக்க நானும் கூட இருந்து உதவினேன். கையுறை ஏது அங்கே.

அதைச் சொன்னதும் டாக்டர் திரும்பி மாலதியைப் பார்த்தார். மாலதி அப்போதுதான் கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்திருந்தாள். “வீட்டில நீங்கள்தான் பார்த்தனீங்களோ? காய்ச்சல் எப்பிடி வரும்?” என்று கேட்டார். மாலதி எல்லாம் சொன்னாள். கடைசியில் தயங்கித் தயங்கி அந்த வைக்கோல் வாடையையும் சொன்னாள்.

“இதை ஒருத்தரும் எழுதேல்லையே.”

“யாரும் கேக்கல டாக்டர்” என்றாள் மாலதி. “இதையெல்லாம் போய்ச் சொல்லுவாங்களான்னு நானும் சொல்லல.”

டாக்டர் தர்ஷினி எழுந்து திரைக்கு வெளியே போய் யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டார். என் இரத்தம் வளர்ப்புக்குப் போயிருந்தது. அதாவது இரத்தத்தைச் சத்து நீர் உள்ள குப்பியில் விட்டு, ஏதாவது கிருமி முளைக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்ப்பது. இந்தக் கிருமி மெதுவாக வளரும், குப்பியைச் சீக்கிரம் எறிந்துவிடாதீர்கள், திறக்கும்போது மிகவும் கவனம், மூச்சில் போனால் உங்களுக்கும் வரும் என்று அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களை எச்சரித்தது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புரூசெல்லோசிஸ் எண்டு ஒரு வருத்தம். ஆடு மாட்டிலயிருந்து மனுசருக்கு வாறது. காய்ச்சாத பாலில வரும், கலைஞ்ச குட்டியைத் தொட்டாலும் வரும். காய்ச்சல் வந்து வந்து போகும். முதுகெலும்பில போய் இருக்கிறது அதுக்குப் பழக்கம். எங்கட நாட்டில சரியான குறைவு, அதால ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. நான் நினைக்கிறது சரியெண்டால், இதுக்கு மருந்து இருக்கு.”

முதுகு ஊசியைத் தள்ளி வைத்தார்கள். இரத்தம் கோலாலம்பூருக்குப் போனது. காத்திருந்த அந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் நீளம். மாலதி தினமும் பஸ் மாறி வருவாள். என் தலையைத் தன் மடியில் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். அவள் இந்து, கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை, நானும் மாறச் சொன்னதில்லை. ஒரு நாள் பின்னிக்கொண்டே, “அண்ணி, மாரியம்மன் கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். விபூதி கொண்டு வரல, உங்களுக்கு ஆகாதுன்னு” என்றாள்.

“எனக்காக நீ போய் நின்னியே, அது போதும்” என்றேன். வேறென்ன சொல்வது? நான் ஜெபிக்க முடியாமல் கிடந்த நாட்களில் எனக்காக நின்றவள் அவள்.

டாக்டர் நினைத்தது சரியாகவே இருந்தது. இரத்தத்தில் அந்த நோயை எதிர்க்கிற சத்து ஏராளமாக இருந்தது, பிறகு குப்பியில் கிருமியும் வளர்ந்தது. புற்றும் இல்லை, காசநோயும் இல்லை. ஜேக்கப் கேட்டுவிட்டு வெளியே போனான். திரும்பி வரும்போது எனக்கும் மாலதிக்கும் சரோஜாவுக்கும் சேர்த்து மீ கோரேங் நூடுல்ஸ் புங்குஸ் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. சரோஜா, “எனக்கு எண்ணெய் ஆகாதுன்னு நர்ஸ் மிஸ்ஸி திட்டும்” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

இந்தக் கிருமி இதய வால்வில் உட்கார்ந்தால் ஆபத்து என்று நெஞ்சில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். அங்கே போகவில்லை. முதலில் தினமும் ஊசி. அதோடு இரண்டு வகை மாத்திரை, சில மாதங்கள் விடாமல். ஒன்று வயிற்றை எரிக்கும், வெயிலில் போனால் தோல் கறுக்கும். இன்னொன்று சிறுநீரையும் கண்ணீரையும்கூட ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோவோம். ஒரு சாயங்காலம் குளிர் வரக் காத்திருந்தேன், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சரோஜா கை தட்டினார். அவருடைய காலையும் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டு விரல் மட்டும் போயிற்று. எனக்கு முன்னே அவர் வீட்டுக்குப் போனார்.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோயிருந்தேன். டாக்டர் தர்ஷினிதான் ஒரு காலை நேரத்தில் கேட்டார். “அந்த வீட்டில மற்ற ஆக்களும் அதே பாலைத்தானே குடிக்கினம்?”

யோஹானா. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் படுப்பதும் எழுவதுமாக இருந்தார். காய்ச்சல் வரும், போகும். மலேரியா மாத்திரை கொடுப்பார்கள். இடுப்பு வலியால் நிமிர்ந்து நடக்க முடியாமல், கடைசியில் மாட்டை ஓட்டிப் போவதையும் விட்டுவிட்டார். வயதாகிவிட்டது என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன், எண்ணெய் தடவியிருக்கிறேன். என் உடம்பில் இருந்த அதே நோய், என் கண் முன்னால், பெயரில்லாமல்.

அன்றைக்கே ரெஹெமாவைக் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது, மேட்டில் ஏறித்தான் பேச வேண்டும்; அவள் ஏறி வரும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், “போலே முவாலிமு, போலே சானா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தனை நாள் கேட்க ஆசைப்பட்ட சொல். அதன் பிறகு நோய் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

மேட்டுக் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

“நான் கொடுத்த பாலா?” என்றாள்.

“பாலில் இருந்தது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் நன்றாகிவிட்டேன் ரெஹெமா. இப்போது யோஹானாவைப் பார். இதே நோய்தான் அவருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இந்தப் பெயரைச் சொல். எழுதிக்கொள், நான் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்.”

“கையில் ஒன்றும் இல்லையே, முவாலிமு” என்றவள், “சொல்லு. மண்ணில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்கிறேன்” என்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். குச்சியால் எழுதி, எனக்கு முழுதாகப் படித்துக் காட்டினாள். எனக்குத் தெரிந்து அவள் எழுதியதிலேயே நீளமான சொல் அதுதான்.

யோஹானாவுக்கு அதே நோய் என்று இரத்தத்தில் தெரிந்தது. ரெஹெமாவுக்கும் ஒரு மகளுக்கும்கூட இருந்தது. மூவருக்கும் மருந்து கிடைத்தது. கால்நடை அதிகாரி வந்து ஆடுகளைப் பார்த்தார். நோய் கண்டவற்றைக் கொல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய பாதி மந்தை போய்விட்டது. ஆட்டை நம்பி இருக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் சபையில் சிலரும் ஜேக்கப்பும் சேர்ந்து கொஞ்சம் அனுப்பினார்கள். முன்பு போல் ஆகவில்லை, ஆனால் பட்டி காலியாகவும் இல்லை.

நான் வீடு வந்த பிறகு வீடியோவில் அவர்களோடு பேசுவது வழக்கமாகிவிட்டது. பாலைச் சூடு காட்டினால் போதுமா, கொதிக்க வேண்டுமா என்று ஒரு நாள் ரெஹெமா கேட்டாள். நான் வாயால் விளக்கிக்கொண்டிருந்தேன். மாலதிக்குப் பொறுக்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய், பாலை வைத்து, நுரை எழும்பிப் பாத்திரத்தின் வாயைத் தாண்டி வழிகிறவரை அவர்களைப் பார்க்க வைத்தாள்.

“இப்படிப் பொங்கணும். பொங்கினாத்தான் ஆச்சு” என்று தமிழிலேயே சொன்னாள். அந்த மேட்டில் கூடியிருந்த பெண்களெல்லாம் கை தட்டிச் சிரித்தார்கள். அதிலிருந்து என்னைவிட மாலதியைத்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை, ஆனாலும் மாலதியும் ரெஹெமாவும் அரை மணி நேரம் பேசிவிடுவார்கள்.

கடைசிப் பரிசோதனைக்கு ஜேக்கப்தான் கூட்டிப் போனான். டாக்டர் தர்ஷினி புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அரித்த இடம் ஆறிக் கெட்டியாகியிருந்தது. “பயணம் செய்யலாம். ஆனா சைக்கிள், தண்ணிக் கேன் எல்லாம் இந்த முதுகுக்கு இனிச் சரிவராது ஆன்ட்டி” என்றார். விடைபெறும்போது, “அந்த நாளைச் சொன்னீங்களே, வீட்டில அம்மாவுக்கும் போய்ச் சொன்னனான்” என்றார்.

திரும்பும்போது ஜேக்கப் கரையோரப் பாதையில் வந்தான். ஜெராம் என்ற ஊரைத் தாண்டிய பிறகு, பாதையைப் பார்த்தபடியே கேட்டான்.

“போகணுமாக்கா?”

“போகணும்.”

“இருக்கவா, பாத்துட்டு வரவா?”

அவனிடமிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமும் எனக்குள் ‘போக வேண்டும்’ என்று மட்டும்தான் இருந்தது. காய்ச்சலோடு விடுமுறைக்கு அவசரமாகக் கிளம்பி வந்தவள், யாரிடமும் ஒழுங்காக விடைபெறக்கூட இல்லை. வகுப்பை இப்போது ரெஹெமாவின் மகள் நடத்துகிறாள், போன வாரம் புதிதாக நாலு பெண்கள் சேர்ந்தார்களாம்.

“பாத்துட்டு வர” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜேக்கப் என்னைத் தடுக்காமல் அழவிட்டான். வீட்டுக்குத் திரும்பும் சந்தில் வளைக்கும்போது சொன்னான்.

“மூணு டிக்கெட்டா போடுவோம். மாலதி அங்க வர்றதா ரெஹெமாகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டாளாம்.”